திண்டுக்கல்லில் மூழ்கிய விமானந்தாங்கி

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் கருவாட்டுக் கடையோடு முடிந்துபோகும். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக் காத்திருக்கும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், பதினெட்டடி நீளப் போர்க்கப்பல் ஒன்றைத் தன் மகள் தகர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றால், கேட்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். ஆண்டனிராஜுக்கும் வந்தது. வந்தவளின் கையைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான். சேலைத் தலைப்பைத் திருகித் திருகி, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

ஆண்டனிராஜ் பேகம்பூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். ஸ்டூடியோ என்பது போர்டில் மட்டும். சோறு போடுவது ஜெராக்ஸ் மிஷின். மாடியில் குடியிருந்த அப்துல் லத்தீப் தோல் கிடங்கில் முப்பத்தொரு வருடம் தரம் பிரித்தவர். ஓர் ஆட்டுத்தோலைப் புரட்டிப் பார்த்து, ஆடு எந்த முள்வேலியில் உரசியது, உரித்தவன் கத்தி எந்த இடத்தில் அவசரப்பட்டது என்றெல்லாம் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் தோலுக்குப் பதில் மனிதர்களைக் கொண்டுவந்து போட்டார்கள். வேலை ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்பது அவர் கருத்து.

“எம் பேரு பொன்னழகு. வேடசந்தூர்ல நூல் மில்லுல வேலை பாக்குறேன் பாய்,” என்றாள் வந்தவள். “எம் மக கீர்த்தனா நேவில பாஸாயிட்டா. மெடிக்கலும் முடிஞ்சிருச்சு. புதங்கெழமை போலீஸ் வெரிஃபிகேஷனு. இப்பப் போயி அகாடமியில கப்பல ஒடைச்சிட்டான்னு அவ மேல கம்ப்ளைண்ட் எழுதி வச்சிருக்காங்க. பன்னெண்டு மணிக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா வீட்டோட விடுறாங்களாம். இல்லாட்டி ஸ்டேஷனாம்.”

“எழுதிக் குடுத்தாலும் அது ஒரு தாளுதானேம்மா?” என்றார் லத்தீப்.

“அதத்தான் இவளும் சொல்லுறா. எந்தத் தாள்ல பேரு ஏறுனாலும் வேலை போச்சு பாய். அம்புட்டும் போச்சு.”

“என்ன கப்பலு அது?”

“தெர்மாகோல் கப்பலு பாய்.”

கீர்த்தனா உள்ளே வராமல் வாசலில் விறைப்பாக நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. அழுத தடம் முகத்தில் இல்லை. அழக்கூடாது என்று முடிவெடுத்த தடம் இருந்தது. லத்தீப் கூப்பிட்டதும் வந்து, கேட்டதற்கெல்லாம் அளந்து பதில் சொன்னாள்.

அகரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது சமுத்திரராஜா நேவல் அகாடமி. மெட்ரிக் பள்ளி நடத்தும் சேர்மன் பெருமாள்சாமியின் இன்னொரு கிளை. பாடம் நடத்துபவர் கேப்டன் பாண்டியராஜ். விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளத்தில் இருபது வருடம் நின்றவர் என்று நோட்டீஸ் சொல்லும். அவரும் சொல்லுவார், நோட்டீசைவிடச் சத்தமாக. இன்று மூன்று மணிக்கு அகாடமியின் ஆண்டு விழா. அதற்காகவே ஹாலின் நடுவில் மாதிரிக் கப்பல் செய்து நிறுத்தியிருந்தார்கள். 

“உனக்கும் அவருக்கும் என்ன சண்டை?”

“சண்டை இல்லங்கய்யா. வியாழக்கெழமை கிளாஸ்ல, விமானந்தாங்கிதான் கடலுக்கு ராஜா, அத எவனும் தொட முடியாதுன்னாரு. நான் எந்திரிச்சு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டிருந்து வர்ற ஏவுகணை இருக்கு, ட்ரோன் இருக்கு, அடியில நீர்மூழ்கி இருக்கு, அதனாலதான் அது தனியாப் போறதே இல்ல, சுத்தி ஏழெட்டுக் கப்பல் காவலுக்குப் போகுது, காவல் இல்லாட்டி ஒரே அடில போயிரும் சார்னேன்.”

“அதுக்கு?”

“‘ஒக்காரு’ன்னாரு. நான் ஒக்காராம, அப்பிடி இருந்தும் அது ஏன் வேணும்னா, நம்ம கரையிலருந்து எட்டாத தூரத்துக்கு நம்ம விமானத்தக் கொண்டுபோக வேற வழியே இல்ல, அதான் இன்னமும் கட்டுறாங்கன்னு சொல்ல வந்தேன். பாதியிலேயே வெளிய போகச் சொல்லிட்டாரு. நாப்பது பேரு காதுல விழுந்தது ‘ஒரே அடி’ மட்டுந்தான்.”

ஹாலுக்குச் சாவி இரண்டே. ஒன்று கேப்டனிடம். மற்றொன்று பெண் பிள்ளைகளிடம் முறை வைத்துச் சுற்றும். ஹாலைப் பெருக்குவது பெண்கள் பொறுப்பு. அதற்கு ‘டிசிப்ளின்’ என்று பெயர். இந்த வாரம் கீர்த்தனாவின் முறை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டிவிட்டுப் போனாள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்தாள். கப்பல் உடைந்து கிடந்தது. போன் போட்டுச் சொன்னவளும் அவளே. மதுரையிலிருந்து ஏழு மணிக்கு வந்து இறங்கிய கேப்டன், பூட்டு உடையவில்லை, தன் சாவி தன் பையிலேயே மதுரையில் இருந்தது, ஆகவே இவள்தான் என்றார்.

லத்தீப் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கினார். அட்டையில் பேனாவால் ஒரு விமானந்தாங்கி வரைந்திருந்தாள். வாலுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோன்ற படம். நீண்ட தளம், வலது ஓரத்தில் ஒற்றைக் கோபுரம், முன்னால் மேலே ஏறும் சரிவு. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

“ஆண்டனி, வண்டிய எடு. விழாவுக்குப் போட்டோ நீதான எடுக்கிற? செத்த சீக்கிரமாப் போனா தப்பில்ல.”

வழி நெடுக ஆண்டனி துப்பறிந்துகொண்டே வண்டி ஓட்டினான். சாவி இல்லாமல் பூட்டு திறந்திருக்கிறது என்றால் கள்ளச்சாவி. திண்டுக்கல்லில் கள்ளச்சாவி செய்ய ஆளுக்கா பஞ்சம்? வேறு கோச்சிங் சென்டர்காரன் எவனோ செய்த வேலை என்று தாடிக்கொம்பு வருவதற்குள் ஆளையே பிடித்துவிட்டான். லத்தீப் பின்னால் உட்கார்ந்து, “ரோட்டப் பாரு,” என்றார்.

அகாடமி வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆண்டனி நிமிர்ந்து பார்த்தான். அவன் படம் எடுத்து, அவனே அச்சடித்துக் கட்டிய ஃப்ளெக்ஸ், பதினைந்தடிக்குப் பத்தடி, காணவில்லை. வெறும் ரீப்பர்ச் சட்டம் ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஏண்ணே, எங்க என் போர்டு?”

பகலில் மட்டும் காவலுக்கு வரும் வாட்ச்மேன் முத்துச்சாமி பீடியை மறைத்தார். “கேப்டன் பஸ்ச விட்டு எறங்குனதும் மொத வேலையா அதத்தான் அவுக்கச் சொன்னாரு அப்பு. உள்ள கூட எட்டிப் பாக்கல. கப்பல் போன துக்கமாம்.”

“துக்கத்துக்குக் கொடியத்தான எறக்குவாய்ங்க? போர்டயுமா?”

“எனக்கென்ன தெரியும்? மிலிட்டிரி வழக்கமா இருக்கும்.”

கேப்டன் பாண்டியராஜ் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் தங்கப் பட்டை, நெஞ்சில் பதக்கங்கள் இரண்டு வரிசை. கையில் வெள்ளைக் கையுறை. காலை ஒன்பதரை மணி வெயில் தோலை உரிக்கும் நேரத்தில், கையுறை போட்ட விரல்களால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற கவனம். இருந்தும் கட்டைவிரலில் டீக்கறை.

“துப்பறியும் தோல் வியாபாரியா? வாங்க,” என்றார். “இது சிவிலியன் விவகாரம் இல்ல, பாய். கப்பல அடிச்சா அது தேசத்த அடிச்ச மாதிரி.”

“தெர்மாகோல்தானங்க.”

“தெர்மாகோலா இருந்தாலும் தேசம் தேசந்தான்.”

லத்தீப் குனிந்து அவருக்குச் சலாம் வைத்தார். நிமிர்ந்தபோது மூக்கு லேசாகச் சுருங்கியது. தோல் கிடங்கின் நாற்றத்தில் முப்பத்தொரு வருடம் ஊறிய மூக்குக்கு வேறு எந்த வாசனையும் பெரிசில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு.

ஹால் தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது. தெற்கே வாசல், வடக்கே மேடை. ஹாலின் தென்மேற்கு மூலையில் தரையைக் கூட அரையடி உயர்த்தி, மேலே கனத்த இரும்பு பீரோவை ஏற்றி வைத்திருந்தார்கள். வடகிழக்கு மூலையில் ஒரு தூசுகூட இல்லாத வெற்றிடம். அங்கே உட்கார்ந்து படிக்கப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லையாம். கிழக்குச் சுவரில் இருந்த பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்த தடம் தெரிந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில், காந்த ஊசி விதிகளுக்கும் மேலே, ஒரு வாஸ்து நிபுணரின் விசிட்டிங் கார்டு குத்தப்பட்டிருந்தது.

நடுவில் கப்பல். மூக்கு மேடையைப் பார்த்து, வால் வாசலைப் பார்த்து. தளத்தின் முன்பாதி உடையவில்லை. முன்சரிவும் உடையவில்லை. கோபுரத்தை மட்டும் வேரோடு பிடுங்கி, நொறுக்கி, நொறுங்கியதை ஒரு குவியலாகத் தரை நடுவில் போட்டிருந்தார்கள். கோபுரம் நின்ற இடத்தை மிதித்து மிதித்துத் தளத்தின் பின்பாதி முழுக்கக் குழி விழுந்திருந்தது. எங்கே நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டனியின் கண் ஜன்னலுக்குப் போனது. “பாய், இங்க பாருங்க. விமானம்!”

இருபத்திரண்டு குட்டி விமானங்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் இறக்கை ஒடியவில்லை. எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல.

“ஆன்லைன்ல வரவழைச்சது,” என்றார் கேப்டன் பின்னாலிருந்து. “ஒவ்வொண்ணும் ஒரு வகை. நல்லவேளை தப்பிச்சிருச்சு.”

லத்தீப் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். சாம்பல் நிறப் பூச்சு ஓரத்தில் இழுபட்டிருந்தது. நாலு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அதை ஆண்டனியிடம் கொடுத்து, “படம் எடுத்து வையி,” என்றார். பிறகு கேப்டனைப் பார்த்து, “இந்தக் கோபுரத்துக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?”

“எல்லாம் போன வாரமே முடிஞ்சது. மொத்தக் கப்பலுக்கும் ஒரே சமயத்துல.”

“நேத்து மதுரைக்கு எத்தன மணி பஸ்சு?”

“நாலரை. டெய்லர்ட்ட யூனிஃபார்ம் வாங்கணும்ல? மச்சான் வீட்டுல தங்கிட்டு, சாவியோட காலைல வந்தேன். அந்தப் புள்ளையக் கேளுங்க, என்னைய ஏன் கேக்குறீங்க?”

வெளியே வேப்பமரத்தடியில் நின்று லத்தீப் ஒரு போன் போட்டார். கப்பலைச் செய்தவர் இஷாக். கல்யாண மேடை அலங்காரக்காரர். விடிகாலையிலேயே நிலக்கோட்டைக்குப் போய் ஒரு மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் மல்லிகைப் பேரத்தின் நடுவே கேட்டது.

“ஒடைஞ்சிருச்சா? யா அல்லா! எப்ப? எனக்கு யாரும் சொல்லலையே பாய். நேத்து அஞ்சரைக்குச் சேர்மன் போன் போட்டு, பெரிய ஆபீசர் வாராரு, கோபுரம் மங்கலா இருக்கு, அதுக்கு மட்டும் ஒரு கோட்டு குடுன்னாரு. ஆறு மணிக்குப் போனேன். அந்தப் புள்ளதான் தொறந்து விட்டுச்சு. ஆறரைக்கு முடிச்சு ரெண்டு பேருமா வெளிய வந்தோம். என் கண்ணு முன்னாடி பூட்டுச்சு. நாந்தான் வண்டியில கூட்டிட்டுப் போயி தாடிக்கொம்புப் பிரிவுல மில்லு பஸ்சுல ஏத்திவிட்டேன்.”

“பெயிண்ட்டு காய எம்புட்டு நேரம் ஆகும்?”

“எனாமலு பாய். கையில ஒட்டாம இருக்கணும்னா விடியணும்.”

“நிலக்கோட்டையிலருந்து பன்னெண்டுக்குள்ள வந்துருவீகளா?”

“வாரேன்.”

ஆண்டனி குதித்தான். “பாய், அப்ப இஷாக்குதான்! அவன் கையிலதான் பெயிண்ட்டு இருக்கும்!”

“பெயிண்டர் கையில பெயிண்ட்டு இருக்கிறது ஒரு விசயமாப்பா?” என்றார் லத்தீப். “ஒம் போர்டுல போட்ட படம் போன்ல இருக்கா?”

இருந்தது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று எடுத்தது. கப்பலின் வால் அருகில், மூக்கு தூரத்தில், இருபுறமும் மாணவர்கள். மேற்கு ஜன்னல் வழியே வந்த வெயில் கோபுரத்தில் பட்டு, அதன் நிழல் தளத்தின் குறுக்கே நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்காகவே ஆண்டனி அரைமணி நேரம் காத்திருந்து எடுத்த படம். அதைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தான். லத்தீப் பெருமூச்சு விட்டார்.

“கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குச் சேர்மன் அறையில் ஏசி ஓடியது. பெருமாள்சாமி மேசைக்குப் பின்னால். மேசைமேல் புகார்த் தாள், அதன்மேல் பளிங்கு யானை. கேப்டன் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக. பொன்னழகும் மகளும் நின்றார்கள்; நாற்காலி மூன்று காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. பூச்சரம் ஒட்டிய சட்டையோடு இஷாக் கதவோரம். கேமராவோடு ஆண்டனி.

“சட்டுன்னு சொல்லுங்க பாய்,” என்றார் சேர்மன். “ஒரு மணிக்கு கமாண்டர் வந்துருவாரு. கொடைக்கானல்ல ரெஸ்ட்டுக்கு வந்தவரு. நெசமாவே விமானந்தாங்கியில இருந்த ஆபீசர். நேத்து அஞ்சு மணிக்குத்தான் கன்ஃபார்ம் ஆச்சு. மொத ஆளா நம்ம கேப்டனுக்குத்தான் போன் போட்டேன். சந்தோசத்துல அவருக்குப் பேச்சே வரல.”

“வராதுங்க,” என்றார் லத்தீப். “அங்கதான் கதையே ஆரம்பிக்குது. மொதல்ல விமானத்தச் சொல்றேன். கோவத்துல கப்பல ஒடைக்க வந்தவ, இருவத்திரெண்டு விமானத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து ஜன்னல்ல அடுக்கி வைப்பாளா? ஒடைச்சவருக்குக் கப்பல் மேல கோவமே இல்ல. விமானத்து மேல பாசம் வேற. கோவமெல்லாம் கோபுரத்து மேலதான்.”

கேப்டன் தொண்டையைக் கனைத்தார்.

“ரெண்டாவது, பெயிண்ட்டு. நேத்து ஆறு மணிக்கு நீங்க சொல்லி இஷாக் கோபுரத்துக்கு ஒரு கோட்டு குடுத்தாரு. விடியிற வரைக்கும் அது ஈரம். ஒடைஞ்ச துண்டுல அஞ்சு விரல் இழுத்த தடம் இருக்கு. ஆண்டனி படம் எடுத்து வச்சிருக்கான். காலைல ஆறு மணிக்கு இந்தப் புள்ள ஒடைச்சிருந்தா, காஞ்ச பெயிண்ட்டுல தடம் விழாது. ஆறரைக்கு இஷாக் முன்னாடி பூட்டிட்டுப் போனவ மில்லு பஸ்சுல வேடசந்தூர் போயிட்டா. பஸ்சு நெறைய ஷிப்டுப் பொம்பளைக பாத்திருக்காங்க. மிச்சம் இருக்கிறது இன்னொரு சாவி.”

“என் சாவி மதுரையில இருந்தது!”

“கோபுரத்துக்கு எப்ப பெயிண்ட் அடிச்சதுன்னு கேட்டேன். போன வாரம்னீங்க. நேத்து அடிச்சது தெரியாதவரு அப்பிடிச் சொல்லலாம். தெரிஞ்சும் மறைக்க நெனைக்கிறவரும் சொல்லலாம். எந்த ரகம்னு பாத்துரலாம். கையுறையக் கொஞ்சம் கழட்டுங்க.”

“இது யூனிஃபார்ம் மரியாதை. சிவிலியன் சொன்னாக் கழட்டுறதுக்கில்ல.”

“யூனிஃபார்ம்ல மண்ணெண்ணெய் வாசன வரக்கூடாதுங்க,” என்றார் லத்தீப். “எனாமல் பெயிண்ட்டு மண்ணெண்ணெய்ல பாதிதான் போகும். நகக்கண்ணுல நிக்கும்.”

கேப்டன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். சேர்மன், “கழட்டும்யா,” என்றார். ‘கேப்டன்’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதை ஆண்டனி கவனித்தான்.

கையுறை ஒவ்வொரு விரலாகக் கழன்றது. பத்து நகத்திலும் போர்க்கப்பல் சாம்பல்.

“எதுக்குய்யா?” சேர்மனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “உம்ம கப்பல நீரே ஏன்யா ஒடைக்கணும்?”

லத்தீப் கீர்த்தனாவின் நோட்டை மேசையில் வைத்தார். பக்கத்தில் ஆண்டனியின் போன். இரண்டும் கப்பலின் வாலிலிருந்து பார்த்த படம். “இந்தப் புள்ள வரைஞ்சதுல கோபுரம் எந்தப் பக்கம்? வலது. நம்ம ஹால்ல நின்னதுல? இடது. நீயே சொல்லும்மா, எது சரி?”

கீர்த்தனா யார் முகத்தையும் பார்க்கவில்லை. “வலது பக்கந்தாங்கய்யா. ஒலகத்துல எந்த விமானந்தாங்கியிலயும் அப்பிடித்தான். பழைய காத்தாடி விமானமெல்லாம் எறங்க முடியாமத் திரும்பும்போது எடது பக்கம் ஒடிக்கும். அந்தப் பக்கம் கோபுரம் இருந்தா மோதிரும். அன்னைக்கி வச்ச வழக்கம் இன்னைக்கும் இருக்கு.”

“ஜப்பான்ல இருந்துச்சு!” கேப்டன் எழுந்துவிட்டார். “ரெண்டு கப்பல்ல எடது பக்கம் வச்சான். இவளுக்கு என்ன தெரியும்?”

“இருந்துச்சு சார்,” என்றாள் கீர்த்தனா. “ரெண்டும் ஒரே சண்டையில முங்கிருச்சு.”

கதவோரம் இருந்த இஷாக்குக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “சேர்மன் சார், நான் மொதல்ல வலது பக்கந்தான் வச்சேன். நெட்ல படம் பாத்துத்தான் செஞ்சேன். வாஸ்துக்காரர் வந்து பாத்துட்டு, கெழக்குல ஒசரம் ஆகாது, தென்மேற்குக் கன்னி மூலையிலதான் கனமும் ஒசரமும் இருக்கணும், இல்லாட்டி அட்மிஷன் விழுந்துரும்னாரு. ஒடனே இவரு, தூக்கி அந்தப் பக்கம் வையின்னாரு. நான் கேட்டேன், ‘சார், நெசக் கப்பல்ல இப்பிடி இருக்குமா’ன்னு. ‘இருவது வருசம் நின்னவன் நானா நீயா’ன்னாரு.”

“அம்புட்டுத்தான்,” என்றார் லத்தீப். “திண்டுக்கல்காரங்க யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. ஆனா நெசமா அதுல நின்ன ஒருத்தர் வாசல்ல கால வச்சதும், இருவது வருசம் கோபுரத்தப் பாத்த மனுசனுக்கு அது எந்தப் பக்கம்னு தெரியாதான்னு கேட்டுருவாரு. அஞ்சு மணிக்குப் போன் வந்ததும் ராத்திரியோட ராத்திரியா மதுரையிலருந்து வந்து போயிருக்காரு. மாத்தி வைக்க நேரமில்ல; இஷாக்கக் கூப்பிட்டா காரணம் சொல்லணும். ஒடைச்சாப் பிரச்சினை தீந்துச்சு. தளத்த மிதிச்சுக் கோபுரம் நின்ன எடத்தையும் அழிச்சாச்சு. வாசல்ல இருந்த படத்த, உள்ள போயிக் கப்பலக்கூடப் பாக்காம, மொத வேலையா அவுத்தாச்சு. பழி போட ‘ஒரே அடி’ன்னு சொன்ன புள்ள ஒண்ணு கையில சாவியோட நிக்கிது. நீங்க எந்தக் கப்பல்ல இருந்தீங்க சார்?”

பாண்டியராஜ் உட்கார்ந்தார். பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. “கரையிலதான்,” என்றார். “ஸ்டோர்ல. பதினஞ்சு வருசம். போர்வை, சோப்பு, பூட்ஸ்... கப்பலுக்கு ஏத்துவோம். நான் ஏறுனதில்ல.”

“அதச் சொல்லியிருந்தாலே போதும் சார்,” என்றாள் கீர்த்தனா. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “பூட்ஸ் இல்லாம எவனும் கப்பல் ஏற முடியாதுல்ல?”

அடுத்து நடக்கப்போவது ஆண்டனிராஜுக்குத் தெரியும். இனி சேர்மன் எழுவார், வாசலைக் காட்டுவார், அந்தப் பெண்ணிடம் கைகூப்புவார். கேமராவை நெஞ்சுவரை உயர்த்தித் தயாராக வைத்துக்கொண்டான்.

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டே முக்கால். கமாண்டர் வத்தலக்குண்டு தாண்டிருப்பாரு.” பளிங்கு யானையை நகர்த்திவிட்டுப் புகார்த் தாளை எடுத்தார். “நடந்தது நடந்துபோச்சு. காத்துல சாஞ்சிருச்சுன்னு சொல்லிக்குவோம். இந்த ரூமுக்கு வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. முந்நூறு புள்ளைக படிக்குதுக. கேப்டன் இல்லன்னா அகாடமி ஏது? கம்ப்ளைண்ட் வாபஸ். சரியா?”

“சரியில்ல,” என்றார் லத்தீப். “மொதல்ல அவரு இந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கணும். மேடையில.”

“மேடையிலயா? வெளையாடுறீங்களா பாய்? வேணாம்னா சொல்லுங்க, தாளு ஸ்டேஷனுக்குப் போகட்டும். அங்க போயி பெயிண்ட்டு, மண்ணெண்ணெய், கன்னி மூலைன்னு எல்லாம் சொல்லுங்க. உண்மை ஜெயிக்கும். ஆனா புதங்கெழமைக்குள்ள ஜெயிக்குமா?”

லத்தீப் வாயைத் திறந்தார். பொன்னழகு முந்திக்கொண்டாள்.

“எங்களுக்கு மன்னிப்பு வேணாம் பாய். அந்தத் தாளு வேணும்.”

அவள் போய்த் தாளை வாங்கினாள். நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தாள். மில்லில் நூல் அறுந்தால் ஒட்டும் விரல்கள் அவை. கிழிக்கும்போதும் வேகம் குறையவில்லை. கிழித்ததைக் குப்பைக்கூடையில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விழா மூன்று மணிக்கு ஆரம்பித்தது. பாண்டியராஜ் புதுக் கையுறை போட்டுக்கொண்டு, நவீனக் கடற்போரில் விமானந்தாங்கியின் பங்கு என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் முழங்கினார். காவல் கப்பல்கள், ஏவுகணை, ட்ரோன், கரையிலிருந்து எட்டாத தூரம் என்று வியாழக்கிழமை கீர்த்தனா சொன்னதை, சொல்லவிடாமல் நிறுத்தியதையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். கமாண்டர் நல்ல மனிதர், வயதானவர். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று பாண்டியராஜுக்கு சல்யூட் அடித்தார். கடற்படையில் கமாண்டரைவிடக் கேப்டன் ஒரு படி மேல். ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. லத்தீப் அதற்குள் எழுந்து வெளியே போயிருந்தார். ஆண்டனிக்குப் போக முடியாது. அவன் அட்வான்ஸ் வாங்கியவன். சல்யூட்டை மூன்று கோணத்தில் எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கீர்த்தனா ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். மறுநாள் போலீஸ்காரருக்குக் காட்ட, கடைசியாகப் படித்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் தேவையாம். அகாடமி லெட்டர்பேடில் வாங்கி வந்திருந்தாள். ஆண்டனி மிஷினில் வைக்குமுன் படித்துப் பார்த்தான். படித்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து, “பாய், செத்த எறங்கி வாங்க,” என்று கத்தினான்.

லத்தீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். செல்வி கீர்த்தனா நேர்மையும் கட்டுப்பாடும் மிக்கவர் என்பதை நான் நேரில் அறிவேன். இவர்மீது எவ்விதக் குற்றச்சாட்டும் இருந்ததில்லை. கீழே பச்சை மையில், சுழித்துச் சுழித்து, கேப்டன் பாண்டியராஜ், ஓய்வு.

“கையெழுத்தத் தவிர மத்ததெல்லாம் உண்மைதான்,” என்றார் லத்தீப்.

“கையெழுத்து இல்லாட்டி மத்தது எதையும் ஏத்துக்க மாட்டாங்கய்யா,” என்றாள் கீர்த்தனா. பிறகு ஆண்டனியிடம் திரும்பி, “மூணு காப்பி போடுங்கண்ணே. ஓரம் வெட்டுப்படாமப் பாத்துக்கங்க,” என்றாள்.